சுதாரித்துக்கொள்வது எப்படி?

பல வருடங்களாக எனக்கே தெரியாத ஒரு விஷயம் என் குழுவில் இருந்த ஏழு பேருக்கும் தெரிந்திருந்தது. கூட்டத்தில் யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது எனக்கு எரிச்சல் வந்தால், கையில் இருக்கும் பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவேனாம். வேலையை விட்டுப் போன ஒருவர், கடைசி நாளன்று, இனி இந்த ஆளுக்குப் பயப்பட என்ன இருக்கிறது என்ற தைரியத்தில் சொன்னார்: "நீங்க மூடியைக் கழட்ட ஆரம்பிச்சா நாங்க பேச்சைச் சுருக்கிக்குவோம் சார். கெட்ட சேதி ஏதாவது கையில இருந்தா அடுத்த வாரத்துக்குத் தள்ளிடுவோம்."

அந்தக் கூட்டங்களில் நான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்ததாகத்தான் நினைத்திருந்தேன். குரலை உயர்த்தியதில்லை, யாரையும் திட்டியதில்லை. "சரி, பரவாயில்லை, பார்த்துக்கலாம்" என்று வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும், கை அதன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். எனக்குக் கோபம் வந்திருக்கிறது என்பது எனக்குத் தெரிவதற்கு முன்பே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. வேலை தாமதமாகிறது என்ற தகவல் மட்டும் எனக்கு எப்போதும் கடைசியில்தான் வந்து சேரும். அது ஏன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

மைண்ட்ஃபுல்னெஸ், தன்னுணர்வு என்று பெரிய பெரிய வார்த்தைகளில் பேசுவது இந்தச் சின்ன விஷயத்தைப் பற்றித்தான். தமிழில் இதற்கு விழிப்புணர்வு, முழுக்கவனம் என்று ஆளுக்கொரு சொல் போடுகிறார்கள். சிலர் நினைவாற்றல் என்று எழுதுகிறார்கள், படித்தால் ஞாபக சக்தி மாத்திரை விளம்பரம் மாதிரி இருக்கிறது. ஆனால் அதிலும் ஒரு நியாயம் உண்டு. பௌத்த நூல்களின் பாலி மொழியில் இதற்குச் 'சதி' என்று பெயர் (நம் சதித்திட்டச் சதி இல்லை), வடமொழியில் ஸ்மிருதி, இரண்டுக்குமே நினைவுகூர்தல் என்றுதான் பொருள். எனக்குப் பிடித்த சொல் நம் பேச்சிலேயே இருக்கிறது: சுதாரிப்பது. கால் இடறும்போது சுதாரித்துக்கொள்கிறோம், வாய் தவறி ஒன்று வரப்பார்க்கும்போது சட்டென்று சுதாரித்துக்கொள்கிறோம். இதைத் தற்செயலுக்கு விட்டுவிடாமல் பழக்கமாக்க முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும், ஓரளவுக்கு.

கோபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு இரண்டு நாள் கழித்துக் குளிக்கும்போது, 'அன்றைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது' என்று உறைக்கிறது. சிலருக்கு மெயிலை அனுப்பிவிட்டு நாற்காலியில் சாயும்போது. சிலருக்கு வாக்கியத்தின் நடுவில். கொஞ்சம் பழகியவர்களுக்கு அந்த வாக்கியம் தொண்டைக்கு வருவதற்கு முன்பு, கழுத்து சூடாகும்போதே தெரிந்துவிடும். கோபம் எல்லோருக்கும்தான் வருகிறது. வந்திருக்கிறது என்ற சேதி எவ்வளவு சீக்கிரம் நமக்கு எட்டுகிறது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். கீழே நான் சொல்லப்போவதெல்லாம் அந்தச் சேதியைக் கொஞ்சம் முன்னதாக வரவழைக்கிற வேலைதான். சாந்தசொரூபியாக மாறிவிடலாம் என்று ஆசைப்பட்டு வருகிறவர்கள் இரண்டாவது வாரமே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், பார்த்திருக்கிறேன்.

முதலில் பத்து நிமிடம் உட்காருங்கள்

இதை மட்டும் தாண்டிப் போக முடியாது. 1979-ல் ஜான் கபாட்-ஸின் அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்கு மதச் சாயல் இல்லாமல் இதைச் சொல்லித்தர ஆரம்பித்தார். அந்த 8 வாரப் பயிற்சியிலும் தினசரி உட்காருவது உண்டு, அவர் கேட்டது பத்து நிமிடத்தைவிட ரொம்ப அதிகம். நாம் பத்தில் ஆரம்பிப்போம்.

நாற்காலி போதும். பாதம் இரண்டும் தரையில் படட்டும், முதுகைச் சாய்க்காமல் உட்காருங்கள், விறைப்பாக வேண்டாம். கண்ணை மூடிக்கொள்ளலாம், மூடினால் தூக்கம் வரும் என்றால் நாலடி தள்ளித் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். போனில் டைமர் வைத்துவிட்டு அதைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். மூச்சு எங்கே நன்றாகத் தெரிகிறதோ அங்கே கவனத்தை வையுங்கள், சிலருக்கு மூக்கு நுனி, சிலருக்கு வயிறு. ஆழமாக இழுத்து விடவெல்லாம் வேண்டாம், அது பாட்டுக்கு வந்து போகட்டும். ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணி, மறுபடி ஒன்றுக்கு வாருங்கள்.

நாலைத் தாண்டுவதற்குள் நாளைக்கு அனுப்பவேண்டிய அறிக்கை வந்துவிடும். அதைக் கேட்ட மேலதிகாரி பின்னாலேயே வருவார், அவரோடு ஆறு மாதத்துக்கு முன்னால் நடந்த வாக்குவாதம், அதில் நான் சொல்லியிருக்க வேண்டிய, அன்றைக்கு வாயில் வராமல் போன அபாரமான பதில்... திடீரென்று, அட, எண்ணிக்கொண்டிருந்தோமே!

அந்த 'அட' இருக்கிறதே, பயிற்சி முழுக்க அதில்தான் இருக்கிறது. மனம் ஓடியதைத் தோல்வி என்று நினைத்து எழுந்துபோகிறவர்கள்தான் அதிகம், அவர்கள் எழுந்து போவது சரியாகப் பயிற்சி ஆரம்பிக்கிற இடத்தில். பத்து நிமிடத்தில் இருபது தடவை ஓடி இருபது தடவை பிடிபட்டால் இருபது தடவை சுதாரித்திருக்கிறீர்கள். திட்டிக்கொள்ளாமல் ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு தடவைகூட ஓடவில்லை என்றால் நீங்கள் ஞானி, அல்லது தூங்கிவிட்டீர்கள்.

மனம் ஓடுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஹார்வர்டில் ஒரு ஆய்வு செய்தார்கள், 2010-ல் வெளியானது. 2,250 பேரின் போனுக்குக் கண்ட கண்ட நேரத்தில் கேள்வி அனுப்பினார்கள்: இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள்? 46.9 சதவீத நேரம் மனம் கையில் இருக்கும் வேலையில் இல்லை. அலையும் நேரத்தில் மக்கள் அவ்வளவு சந்தோஷமாகவும் இல்லை. இன்னொரு ஆய்வு இதைவிட வேடிக்கை. 2014-ல் திமோத்தி வில்சன் குழுவினர் ஆட்களை ஒரு வெற்று அறையில் 15 நிமிடம் சும்மா யோசித்துக்கொண்டு இருக்கச் சொன்னார்கள். அறையில் ஒரு பொத்தான் இருந்தது, அழுத்தினால் லேசாக ஷாக் அடிக்கும். காசு கொடுத்தாவது அந்த ஷாக்கைத் தவிர்ப்போம் என்று முன்பே சொல்லியிருந்தவர்களில், ஆண்கள் 18 பேரில் 12 பேரும் பெண்கள் 24 பேரில் 6 பேரும் சும்மா இருக்க மாட்டாமல் தங்களுக்குத் தாங்களே ஷாக் கொடுத்துக்கொண்டார்கள். பத்து நிமிடம் உட்காருவது உங்களுக்குக் கஷ்டமாக இருந்தால் நல்ல துணை இருக்கிறது.

உடம்பு முதலில் சொல்லும்

உட்கார்ந்து பழகுவது அறைக்குள்ளே. வெளியே, பரபரப்பான நடுப்பகலில், மூச்சை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. அங்கே கைகொடுப்பது உங்கள் உடம்பு காட்டும் அடையாளம்தான். எனக்குப் பேனா மூடி. சிலருக்குத் தாடை இறுகும், தோள் இரண்டும் காதை நோக்கி ஏறும், மூச்சு மேல்நெஞ்சிலேயே நின்றுவிடும், கால் ஆடும், பேச்சு வேகமாகும், இல்லையென்றால் ரொம்ப மரியாதையாகிவிடும் (ஒரு சக ஊழியர் கோபம் வந்தால் "தாங்கள்" என்று ஆரம்பிப்பார், அறையே நடுங்கும்).

ஒரு வாரம் உங்களை நீங்களே வேவு பாருங்கள். எதையும் மாற்ற முயல வேண்டாம், சூடான ஒரு சம்பவம் முடிந்ததும் துண்டுக் காகிதத்தில் இரண்டே வரி: என்ன நடந்தது, உடம்பில் எங்கே என்ன தெரிந்தது. நாலைந்து வரி சேர்ந்ததும் ஒரே அடையாளம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். எதுவும் தென்படவில்லை என்றால் கூட வாழ்கிறவரிடமோ கூட வேலை செய்கிறவரிடமோ கேளுங்கள், "நான் கோபமா இருக்கேன்னு உனக்கு எப்படித் தெரியும்?" யோசிக்காமல் பதில் வரும். அந்த வேகமே கொஞ்சம் சுருக்கென்று குத்தும், தாங்கிக்கொள்ளுங்கள்.

'டென்ஷன்' என்ற வார்த்தைக்கு ஒரு வாரம் தடை

அடையாளம் பிடிபட்டது. இப்போது உள்ளே இருப்பதற்குப் பெயர் வைக்கவேண்டும், இங்கேதான் நாம் எல்லோரும் ஒரே வார்த்தையை வைத்து ஒப்பேற்றுகிறோம். வேலை முடியவில்லையா, டென்ஷன். பையன் படிக்கவில்லையா, டென்ஷன். பதவி உயர்வு பக்கத்து மேசைக்காரருக்குப் போனதா, அதுவும் டென்ஷன். கடைசியில் இருப்பது பொறாமை. வாய்விட்டுச் சொல்லக் கூச்சம், அதனால் டென்ஷனுக்குள் ஒளித்துவைக்கிறோம்.

தமிழில் இதற்கு எவ்வளவு சொல் இருக்கிறது பாருங்கள். எரிச்சல், கடுப்பு, ஆற்றாமை, ஆதங்கம், மனத்தாங்கல், புழுக்கம், பதைப்பு, படபடப்பு, சலிப்பு, அலுப்பு, உறுத்தல், ஏக்கம், அவமானம். ஆதங்கமும் ஆத்திரமும் ஒன்றில்லை. ஆதங்கத்தில் எதிரே இருப்பவர் மேல் இன்னும் அக்கறை மிச்சமிருக்கிறது, ஆத்திரத்தில் அது போயே போய்விட்டது. சலிப்பு என்று பெயர் வைத்தால் ஓய்வு வேண்டும் என்று தெரிகிறது, அவமானம் என்று வைத்தால் யாரோ எங்கேயோ சொன்ன ஒரு வார்த்தை நினைவுக்கு வருகிறது. சரியான சொல் விழுந்ததும் உள்ளே ஏதோ ஒன்று இளகுவது நன்றாகவே தெரியும்.

இது வெறும் வார்த்தை விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். 2007-ல் மேத்யூ லீபர்மன் குழுவினர் மூளை ஸ்கேனுக்குள் ஆட்களைப் படுக்கவைத்துக் கோபமான, பயந்த முகங்களைக் காட்டினார்கள். அந்த உணர்ச்சிக்கு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது, பயம் போன்ற உணர்ச்சிகளில் சுறுசுறுப்பாகும் அமிக்டலா என்ற பகுதியின் துடிப்பு குறைந்தது, நெற்றிப் பக்கத்துப் பகுதி ஒன்று கூடுதலாக வேலை செய்தது.

பெயர் வைத்ததும் "ஏன் எனக்கு இப்படி?" என்று தோண்ட ஆரம்பிக்காதீர்கள். ஏன் என்று கேட்டால் மனம் வழக்கறிஞராகிவிடும். அவன் அப்படிச் செய்ததால், இவள் இப்படிச் சொன்னதால் என்று உங்கள் கட்சிக்கு ஆதாரம் திரட்டும், அரை மணி நேரம் கழித்துக் கோபம் இரட்டிப்பாகி இருக்கும். "என்ன" என்று கேளுங்கள். இப்போது என்ன உணர்கிறேன், எனக்கு என்ன வேண்டும், அடுத்து என்ன செய்யலாம். வறட்டுக் கேள்விகள்தான், ஆனால் வேலைக்கு ஆகும்.

நினைவு வரவைப்பது

ஆர்வமாக ஆரம்பித்தவர்களுக்குக்கூட நடுவில் தட்டிப்போவது இங்கேதான்: காலையில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு மிச்ச நாள் முழுக்க மறந்துவிடுவது. 'இன்று முழுக்கக் கவனமாக இருப்பேன்' என்ற சபதம் பத்து மணியைத் தாண்டாது. நாளில் ஏற்கெனவே நடக்கிற ஒன்றோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள். கதவுக் கைப்பிடியைத் தொட்டால் ஒரு மூச்சு. போன் அடித்தால் இரண்டாவது மணியில் எடுப்பது, முதல் மணியில் தோளைத் தளர்த்துவது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் இந்த 'இது நடந்தால் இதைச் செய்வேன்' முடிச்சைப் பற்றி 1999-ல் எழுதிய கட்டுரை அந்தத் துறையில் பிரபலம். வெறும் உறுதிமொழியைவிட இப்படி நேரமும் இடமும் குறித்துவைத்த தீர்மானம் நிறைவேற வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு முடிச்சோடு ஆரம்பியுங்கள். நான் ஒரே நாளில் ஐந்து போட்டேன், ஐந்தும் அறுந்தன.

கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் இது ரொம்ப முக்கியம். முந்தைய அறையில் கிளம்பிய எரிச்சலைச் சுமந்துகொண்டு அடுத்த அறைக்குள் நுழைகிறோம், அங்கே இருப்பவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது, தங்கள் மேல்தான் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

நாலு பேர் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால்

பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு விசித்திரமான நிலைமை. மேலே போகப் போக உங்களைக் கவனிக்கிற கண்கள் அதிகமாகும், உங்களிடம் உண்மையைச் சொல்கிற வாய்கள் குறையும். 1955-ல் ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்காம் இருவரும் வரைந்த ஜோஹாரி சாளரத்தில் (ஜோ, ஹாரி என்று தங்கள் பெயர்களையே சேர்த்து வைத்தார்கள்) நாலு கட்டங்கள் உண்டு. அதில் ஒன்று மற்றவர்களுக்குத் தெரிந்து நமக்குத் தெரியாதது. என் பேனா மூடி அந்தக் கட்டத்தில்தான் அத்தனை வருடம் இருந்தது. தியானம் செய்து அந்தக் கட்டத்துக்குள் நுழைய முடியாது, யாராவது சொன்னால்தான் உண்டு.

"என்னைப் பற்றி என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுப் பிரயோஜனம் இல்லை. "நல்லாத்தான் சார் இருக்கு" என்பார்கள். கேள்வியைச் சின்னதாக்குங்கள். "நேத்துக் கூட்டத்துல நான் எந்த இடத்துல உங்களைப் பேச விடலை?" இதற்கு ஒரு பதில் வந்துதான் ஆகவேண்டும். பதில் வந்ததும் விளக்கம் சொல்லாதீர்கள், இதைத்தான் நான் பலமுறை கோட்டைவிட்டேன். "இல்லை, அது எதுக்குன்னா..." என்று நீங்கள் ஆரம்பித்த நொடியில் அடுத்த ஒரு வருடத்துக்கு அந்த வாய் மூடிக்கொள்ளும். குறித்துக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள், ஒரு வாரம் கழித்து அந்த ஒன்றை மாற்றிக் காட்டுங்கள். இரண்டாவது தடவை கேட்கும்போது அவர்களாகவே கூடுதலாக ஒன்று சொல்வார்கள்.

கூட்டத்துக்கு ஒரு காகிதம் எடுத்துப்போய், யார் பேச்சையாவது இடைமறிக்கும் ஒவ்வொரு தடவையும் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். நிறுத்த முயல வேண்டாம், கோடு மட்டும். முதல் நாள் ஒரு மணி நேரத்தில் பதினான்கு கோடு போட்டேன், அதில் ஒன்பது ஒரே ஆளுக்கு. அவர் பேச்சு இழுவையாக இருக்கும் என்று நானே ஒரு முடிவு கட்டிவைத்திருந்தேன், அதனால் ஒரு தடவைகூட முடிக்கவிட்டதில்லை, முடிக்காத பேச்சு எப்படி இழுவை இல்லாமல் இருக்கும்? இரண்டாவது வாரம் கோடு போட பென்சில் அசையும்போதே வாய் தானாக நின்றது.

அப்புறம், கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறக்குறைய ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். அலுவலகக் கூட்டத்துக்கும் இது அப்படியே பொருந்தும் என்பது என் அனுபவம். "யாருக்காவது சந்தேகம்? இல்லையா, சரி, அடுத்தது" என்று ஒரே மூச்சில் சொல்கிறவர்கள் நாம். கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். மூன்றாவது எண்ணில் உங்களுக்குள் ஒரு தவிப்பு வரும், அந்த மௌனத்தை எதையாவது சொல்லி நிரப்பவேண்டும் போல இருக்கும். காலையில் பத்து நிமிடம் உட்கார்ந்தது இந்த இரண்டு நொடிக்காகத்தான்.

சூடாக எழுதிய மெயிலை வரைவிலேயே விட்டுவிட்டு மறுநாள் காலை படிப்பது எல்லோருக்கும் தெரிந்த யோசனை, ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: பெறுநர் பெயரை எழுதாமல் வையுங்கள், விரல் தவறாது.

நாள் சரியில்லை என்றால் அதைச் சொல்லிவிடுவதும் நல்லது. "எனக்கு வேற ஒரு விஷயத்துல மனசு சரியில்லை, முகம் அப்படி இருந்தா உங்களால இல்லை." இவ்வளவு போதும், கதை முழுக்கச் சொல்லவேண்டாம். முகத்தைப் பார்த்து அவர்களாகக் கட்டிக்கொள்கிற கதை எப்போதும் உண்மையைவிட மோசமாகத்தான் இருக்கும்.

எங்கே இது உதவாது

2014-ல் ஒரு மருத்துவ ஆய்விதழில் வந்த தொகுப்பாய்வு தியானப் பயிற்சி பற்றிய 47 பரிசோதனைகளை, மொத்தம் 3,515 பேரை, எடுத்துப் பார்த்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி இவை ஓரளவு குறைகின்றன. ஆனால் உடற்பயிற்சி, மருந்து போன்றவற்றைவிட இது மேல் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. எல்லா நோய்க்கும் இதுவே மருந்து என்று யாராவது விற்க வந்தால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். பழைய பயங்கரம் ஏதாவது மனதில் ஆறாமல் இருப்பவர்களுக்குக் கண்ணை மூடி உட்கார்வது நிலைமையை மோசமாக்கவும் கூடும். உட்கார்ந்தால் பீதி கிளம்புகிறது, பழைய காட்சிகள் வந்து மோதுகின்றன என்றால் பல்லைக் கடித்துத் தொடராதீர்கள், நிறுத்திவிட்டு மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். கண்ணைத் திறந்துகொண்டு, நடந்தபடி, பாதம் தரையில் படுவதைக் கவனிப்பது சிலருக்குச் சரிப்படும்.

தலைமையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. மூன்று ஆள் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, அவர் களைத்துப்போனால் மூச்சுப் பயிற்சி வகுப்புக்கு அனுப்புவது அயோக்கியத்தனம். அங்கே தேவை இன்னும் இரண்டு ஆட்கள். உங்கள் குழுவை உட்காரச் சொல்லாதீர்கள், நீங்கள் உட்காருங்கள். பலன் இருந்தால் அவர்களே கவனிப்பார்கள், உங்களைக் கவனிப்பதுதான் அவர்கள் எப்போதும் செய்துகொண்டிருக்கிற காரியமாயிற்றே.

நான் கூட்டத்துக்குப் பேனா எடுத்துப்போவதை நிறுத்திப் பல மாதம் ஆகிறது, கோடு போட மூடியில்லாத பென்சில்தான். போன வாரம் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் வழக்கம்போலக் கேட்டேன், எனக்குக் கோபம் வந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று. கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "கண்ணாடியைக் கழட்டித் துடைப்பீங்க சார். சுத்தமா இருந்தாலும்."